ஈயின் பேரைக் கேட்டா "தெரியலை"ன்னும் பதில் வரணும்

ஹாஸ்டலில் புதுசா யாரைப் பாத்தாலும் முதல் கேள்வி, "எந்த ஊர்?" நான் "பேரணாம்பட்டு"ன்னு சொன்னதும் வரும் ரெண்டாவது கேள்வி எனக்கு மனப்பாடம். "அங்க தோல் ஷாப் நாத்தமும் ஈயும் ஜாஸ்தியாமே?" ஆம்பூர்க்காரனைப் பாத்தா பிரியாணியைப் பத்திக் கேக்குறாங்க. எங்களைப் பாத்தா ஈயைப் பத்திக் கேக்குறாங்க.

நாத்தத்தைப் பத்தி இன்னொரு இதழில் பேசலாம். இது ஈயைப் பத்தின கட்டுரை. இன்னும் சரியா சொல்லணும்னா, ஈயைப் போட்டோ எடுத்து "இது என்ன இனம்?"னு மெஷினைக் கேட்கும் பழக்கத்தைப் பத்தின கட்டுரை. என் கருத்து இதுதான்: போட்டோவை வெச்சு ஈ எந்தக் குடும்பம்னு சொல்லலாம், பல நேரம் பேரினமும் சொல்லலாம். இனம் வரைக்கும் போனா, நிறைய ஈக்களுக்கு அது ஊகம்தான். அந்த ஊகத்தை "91 சதவீதம்"னு ஸ்க்ரீனில் காட்டும் மாடலை நாம செய்யக் கூடாது. நாங்க செஞ்சோம். அதனாலதான் சொல்றேன்.

மினி ப்ராஜெக்ட்டும் பாயம்மா ஆடும்

எங்க டீம் மினி ப்ராஜெக்ட் தலைப்பு, டீப் லேர்னிங் மூலம் ஈ இனங்களை அடையாளம் காணுதல். நெட்டில் கிடைத்த படங்களை இறக்கினோம். பன்னிரண்டு இனம், இனத்துக்குக் கொஞ்சம் படம். ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஒரு மாடலை எடுத்து, கடைசி லேயரை மட்டும் மாத்தி ட்ரெய்ன் பண்ணினோம். அக்யூரசி தொண்ணூறைத் தாண்டிச்சு. ரிவ்யூவில் கைதட்டல். லீவுக்கு ஊருக்குப் போனப்ப மாடலைப் போனில் போட்டுக்கிட்டுப் போனேன், பெருமையடிக்கத்தான்.

அப்போ பக்ரீத்துக்கு மூணு வாரம் இருந்துச்சு. எங்க எதிர்வீட்டுப் பாயம்மா வருஷா வருஷம் ரெண்டு மூணு கிடா வளர்த்து பக்ரீத்துக்கு விப்பாங்க. அதில் ஒரு கிடாவுக்குக் காது பக்கத்தில் சின்னக் காயம், இன்னொரு கிடாவோடு முட்டிக்கிட்டது. காயத்தைச் சுத்தி ஈ. "தம்பி, இது என்ன ஈ பா? இவ்ளோ பச்சையா மினுக்குது?"ன்னு கேட்டாங்க. நான் போனை நீட்டினேன். மாடல் சொல்லிச்சு: கிரைசோமியா பெசியானா, 91 சதவீதம்.

நெட்டில் தேடினேன். பழைய உலக ஸ்க்ரூவார்ம் ஈ. உயிரோடு இருக்கும் பிராணியின் காயத்து ஓரத்தில் நூத்துக்கணக்கில் முட்டை வைக்கும். ஒரு நாளைக்குள் பொரிக்கும். புழு உயிருள்ள சதையைத் துளைச்சுத் தின்னும். கவனிக்காம விட்டா ஆடு செத்தும் போகலாம். இதை அப்படியே சத்தமா படிச்சுக் காட்டினேன். தெருவே கேட்டுச்சு.

குர்பானிக்குக் கொடுக்கும் ஆடு நோயோ ஊனமோ இல்லாம இருக்கணும். அந்தக் கிடாவுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தவர் மறுநாள் காலையில் வந்து பணத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார். பாயம்மா ஆட்டை ஆட்டோவில் ஏத்திக்கிட்டுக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினாங்க, நானும் கூடப் போனேன். டாக்டர் காயத்தைச் சுத்தம் பண்ணிப் பாத்தார். "புழுவே இல்லையே மா. காயத்துல வந்து உக்காருற பச்சை ஈ எல்லாமே அந்த ஈ ஆயிடுமா? யார் சொன்னது?"ன்னு கேட்டார். பாயம்மா என்னைப் பாத்தாங்க. நான் தரையைப் பாத்தேன்.

ஆடு வித்துச்சு. ஆனா பேசின விலைக்கு இல்ல.

நம்ம கிண்டியில் இருந்த ஆள்

அந்தக் குற்ற உணர்ச்சியில் இந்த ஈயைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா கதை சென்னை கிண்டிக்கு வந்து நின்னுச்சு.

வால்டர் ஸ்காட் பாட்டன் என்று ஒரு பிரிட்டிஷ் மருத்துவர். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பாத்தவர். எஃப். டபிள்யூ. க்ராக் என்பவரோடு சேர்ந்து இவர் எழுதிய மருத்துவப் பூச்சியியல் பாடப்புத்தகம் 1913-ல் வந்தது. 1920-ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இதழில், மனிதர்களின், கால்நடைகளின் காயங்களில் புழு வைக்கும் இந்திய ஈ கிரைசோமியா பெசியானாதான் என்று ஒரு கட்டுரை எழுதினார். என் போன் தப்பா சொன்ன அதே ஈ.

பாட்டன் பின்னாடி இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் போனார். அப்போ அமெரிக்காவில் இன்னொரு ஸ்க்ரூவார்ம் பெரிய தலைவலியா இருந்துச்சு. மாட்டுப் பண்ணைகளில் காயத்தில் புழு வெச்சு மாடுங்க சாகும். இதுக்குக் காரணம் கொக்லியோமியா மாசெல்லாரியா என்ற ஈ என்றுதான் ரொம்ப நாள் நம்பினாங்க. அது செத்த விலங்குகளின் உடலில் பெருகும் ஈ. அதனால் செத்த மாட்டை எரிங்க, புதைங்க என்பதுதான் அறிவுரை. எரிச்சாங்க, புதைச்சாங்க. பிரச்சினை தீரலை.

1933-ல் எமரி குஷிங் என்ற அமெரிக்கரும் நம்ம பாட்டனும் சேர்ந்து ஒரு விஷயத்தைக் காட்டினாங்க. பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் அங்க ரெண்டு ஈ இருக்கு. ஒண்ணு செத்த உடலில் வளரும். இன்னொண்ணு உயிருள்ள சதையில் மட்டும் வளரும். வெளியே நின்னு பாத்தா தெரியாது, நுண்ணோக்கியில் உடல் உறுப்புகளை ஒப்பிட்டாத்தான் தெரியும். ரெண்டாவது ஈயை இன்னிக்கு கொக்லியோமியா ஹோமினிவோராக்ஸ் என்று சொல்றோம்.

பேர் சரியானதும் வழியும் சரியாச்சு. செத்த மாட்டை எரிச்சா இந்த ஈ குறையாது, ஏன்னா அது அங்க பிறக்கவே இல்ல. அந்த ஒரு இனத்தின் வாழ்க்கையை மட்டும் படிச்சாங்க. நிப்லிங், புஷ்லேண்ட் என்ற ரெண்டு விஞ்ஞானிகள், கதிர்வீச்சால் மலடாக்கின ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டா இனப்பெருக்கம் நின்னுடும் என்ற யோசனையை வளர்த்தெடுத்தாங்க. 1954-ல் கியூராசோ தீவில் அந்த ஈயை ஒழிச்சாங்க. 1966-ல் அமெரிக்கா தன் நாட்டில் ஸ்க்ரூவார்ம் இல்லை என்று அறிவிச்சுது. தப்பான இனத்தை மலடாக்கிப் பறக்கவிட்டிருந்தா ஒரு மாடும் பிழைச்சிருக்காது.

கிண்டியில் ஈயைக் குனிஞ்சு பாத்துப் பழகின ஒருத்தர், ரெண்டு ஈக்கு நடுவில் ஒரு கோடு போட்டார். நான் போனை நிமிர்ந்து பாத்து அந்தக் கோட்டை அழிச்சேன்.

போட்டோவில் என்ன தெரியாது

எங்க மாடல் ஏன் தப்பா சொல்லிச்சு? ரெண்டு காரணம். ஒண்ணு ஈயோடது, இன்னொண்ணு எங்களோடது.

முதலில் ஈ. நம்ம ஊரில் மீன் கடை, கறிக் கடை, பச்சைத் தோல் குடோன் எங்கேயும் மொய்க்கும் பெரிய பச்சை நீல ஈ கிரைசோமியா மெகாசெபாலா. அதுவும் பெசியானாவும் ஒரே பேரினம், ஒரே மினுமினுப்பு. வித்தியாசம் இறக்கையின் அடியில் உள்ள ஒரு சின்ன மடலில் இருக்கு. பெசியானாவுக்கு அது மெழுகு மாதிரி வெள்ளை, மெகாசெபாலாவுக்குப் பழுப்பு. பெண் ஈயில் ரெண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள பட்டை பெசியானாவுக்கு நேரா ஓடும், மெகாசெபாலாவுக்கு நடுவில் புடைக்கும். நான் ரெண்டு அடி தூரத்தில் ஃப்ளாஷ் போட்டு மேலிருந்து எடுத்த போட்டோவில் மடலும் இல்ல, நெத்தியும் இல்ல. மடல் விழுந்திருந்தாலும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் பழுப்பும் வெளுப்பாத்தான் தெரியும்.

சில ஈக்களுக்கு இதுவும் போதாது. சாம்பல் நிறம், முதுகில் மூணு கோடு, வயித்தில் சதுரங்கக் கட்டம், இப்படி ஒரு சதை ஈயைப் பாத்தா குடும்பத்தைச் சுலபமா சொல்லலாம். இனத்தைச் சொல்ல ஆண் ஈயின் பிறப்புறுப்பை வெளியே இழுத்து நுண்ணோக்கியில் பாக்கணும். எவ்வளவு மெகாபிக்சல் இருந்தாலும் உள்ளே மடங்கி இருப்பதைக் கேமரா எடுக்காது. மரபியல் பாடத்தில் வரும் பழ ஈ ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் தெரியும்ல? அதை பாட்டில் பாட்டிலா வளர்த்த ஆய்வகங்களில்கூட, அச்சு அசலா அதே மாதிரி இன்னொரு இனம் கலந்து இருந்ததை 1919-ல் ஸ்டர்ட்டெவன்ட் எடுத்துச் சொன்ன பிறகுதான் தனியா பிரிச்சாங்க.

நிபுணர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. 2015-ல் மார்ஷல், ஈவன்ஹுயிஸ் என்ற ரெண்டு நிபுணர்கள் தென்னாப்பிரிக்காவில் ஒரு புது ஈ இனத்தை வெறும் போட்டோக்களை வெச்சே பேர் சூட்டி வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே நானூறுக்கும் மேற்பட்ட வகைப்பாட்டியலாளர்கள் கையெழுத்துப் போட்டு, மாதிரி உடல் இல்லாம போட்டோ மட்டும் போதாது என்று எழுதினாங்க. ஆயுசு முழுக்க ஈயைப் பாத்தவங்களே "போதுமா, போதாதா"ன்னு வாதாடும் இடத்தில், நாலு வாரம் ட்ரெய்ன் பண்ணின நம்ம மாடல் 91ன்னு சொல்லுது.

எங்க தப்பு

ரெண்டாவது காரணம், நாங்க. எங்க மாடலுக்குப் பன்னிரண்டு பேர்தான் தெரியும். சாஃப்ட்மேக்ஸ் அந்தப் பன்னிரண்டுக்கும் சேர்த்து மொத்தம் நூறு வர்ற மாதிரி பிரிச்சுக் கொடுக்கும். பதிமூணாவது ஈயைக் காட்டினாலும் பன்னிரண்டில் ஒண்ணைச் சொல்லும். என் செருப்பைக் காட்டினேன், அதுக்கும் ஒரு ஈயின் பேர் சொல்லிச்சு. இந்தியாவில் மட்டும் ஈ வரிசையில், கொசுவையும் சேர்த்து, ஆறாயிரத்துக்கு மேல இனங்கள் பதிவாகி இருக்கு.

அப்புறம் ட்ரெய்ன், டெஸ்ட் பிரிச்ச விதம். ஒரே ஈயை ஒரே இடத்தில் பட்பட்டுன்னு எடுத்த பத்துப் படத்தில் எட்டு ட்ரெய்னில், ரெண்டு டெஸ்டில். மாடல் ஈயைக் கத்துக்கலை, அந்த இலையைக் கத்துக்கிச்சு. கடற்கரையில் நிக்கும் மாட்டை மாடுன்னு கண்டுபிடிக்கத் திணறும் மாடல்களைப் பத்தி நம்ம எல்லாரும் படிச்சிருக்கோம். புல்வெளியில் நிக்கும் மாட்டை மட்டுமே பாத்து வளர்ந்த மாடலுக்கு அதான் கதி. எங்க டேட்டாவில் காயத்து மேல உக்காந்திருந்த ஈ எல்லாம் பெசியானா. பாயம்மா கிடாவின் காயத்தைப் பாத்ததும் அது பாதி முடிவு பண்ணிடுச்சு.

இதில் ஒண்ணும் புதுசு இல்ல. எல்லாம் நாம பரிட்சையில் எழுதி மார்க் வாங்கின விஷயம். ஆனா ரிவ்யூவில் யாரும் "உன் மாடல் தெரியாதப்ப என்ன சொல்லும்?"னு கேக்கலை. எங்களுக்கே தோணலை.

அப்போ போட்டோ வேஸ்ட்டா?

இல்லவே இல்ல. என் வாதத்தின் அடுத்த பாதி இதுதான். இனம் தெரியாட்டியும், குடும்பம் தெரிஞ்சாலே எங்க ஊருக்கு நிறைய உபயோகம் இருக்கு.

ஈ எங்கே பெருகும் என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். வீட்டு ஈக்கு முதுகில் நாலு கறுப்புக் கோடு. அது சாணத்திலும் ஈரக் குப்பையிலும் பெருகும், வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக ஏழு பத்து நாள் போதும். பச்சை ஈக்களுக்குக் கறி, மீன், உப்பு போடாத பச்சைத் தோல், மலம். பாத்ரூம் சுவத்தில் இதயம் மாதிரி இறக்கையை மடிச்சு உக்காரும் குட்டி ரோம ஈக்குச் சாக்கடையில் ஒட்டின வழவழப்பு. தேனீ மாதிரி வேஷம் போடும் எரிஸ்டாலிஸ் ஈயின் புழு, வால் மாதிரி நீண்ட மூச்சுக்குழாயோடு, அழுகல் கலந்த தேங்கின தண்ணியில் வாழும். இவ்வளவையும் ஒரு சாதாரண போனில் எடுத்த ஓரளவு தெளிவான போட்டோவில் பிரிக்க முடியும்.

தோல் தொழில் தெரியாதவங்களுக்கு ஒரு குறிப்பு. பதனிட்ட தோல் அழுகாது. அழுகாம பண்றதுக்குப் பேர்தான் பதனிடுதல். ஈ வர்றது அதுக்கு முன்னாடி, தோல் வந்து இறங்கி உப்பு விழும் வரைக்கும் இருக்கும் சில மணி நேரத்தில். அப்புறம் தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுத்த கழிவைக் குவிச்சு வைக்கும் இடத்தில். அதனால "டேனரின்னா ஈ"ன்னு மொத்தமா சொல்றதும் தப்பு, "டேனரிக்கும் ஈக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு சொல்றதும் தப்பு.

எங்க தெருவில் நடந்ததைச் சொல்றேன். தெருவுக்குப் பின்னாடி ஒரு பச்சைத் தோல் குடோன். ஈத் தொல்லைக்கு அதுதான் காரணம்னு பெரியவங்க மனு எழுதத் தயாரானாங்க. குடோன் பக்கம் "உங்க குப்பைத் தொட்டியைப் பாருங்க"ன்னு சொன்னாங்க. ஆட்டு விஷயத்தில் பட்ட அவமானத்துக்கு அப்புறம், நான் மாடலைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, ரெண்டு வாரம் நாலு இடத்தில் ஒரே நேரத்தில் போட்டோ எடுத்து நோட்டில் எழுதினேன். வீடுகளின் சமையலறையில் பெரும்பாலும் நாலு கோடு வீட்டு ஈ. தெருக்கோடியில் சாணமும் ஈரக் குப்பையும் சேரும் இடத்தைக் கிளறினா அதே மாதிரி புழு. பச்சை ஈ குடோன் பக்கம்தான், அதுவும் லோடு வந்து இறங்கும் நாளில் கூட்டம் கூட்டமா. அதாவது ரெண்டு பேர் மேலயும் தப்பு. மனுவில் ரெண்டையும் எழுதச் சொன்னேன். பெரியவங்களுக்கு அது பிடிக்கலை. கடைசியில் எழுதினாங்க, ரெண்டாவது பக்கத்தில்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஈ பறக்கும், கிலோமீட்டர் கணக்கில் கூடப் போகும். உக்காந்த இடம் பிறந்த இடம் இல்ல. புழு கிடைக்கும் இடம்தான் சாட்சி. போட்டோ எங்கே கிளறிப் பாக்கணும்னு மட்டும்தான் காட்டும்.

இந்த அளவு கவனம் ஏன் வேணும்னா, எங்க பகுதிக்கு ஆதாரத்தின் மதிப்பு தெரியும். பாலாறு பாழாவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்ப, தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாவோ பாதியாவோ சாகுபடிக்கு உதவாமப் போச்சு என்ற ஆய்வுக் கணக்கை எடுத்துக் காட்டிச்சு. நாத்தம் தாங்கலைன்னு சொன்னதை மட்டும் வெச்சு அந்தத் தீர்ப்பு வரலை, அளந்த எண்ணும் கூட இருந்துச்சு. நாளைக்கு நம்ம மனுவில் ஒரு ஈயின் பேர் தப்பா இருந்தா, எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு மொத்த மனுவையும் சிரிச்சே தள்ளிடும். "91 சதவீதம்"னு ஸ்க்ரீன்ஷாட் வெச்சாலும் காப்பாத்தாது.

ஜூனியர்களுக்கு

அடுத்த வருஷமும் யாராவது இந்தத் தலைப்பை எடுப்பீங்க. எடுங்க. ஆனா இப்படிச் செஞ்சு பாருங்க.

மாடல் படிப்படியா பதில் சொல்லட்டும். முதலில் குடும்பம், நம்பிக்கை இருந்தா பேரினம், ரொம்ப நம்பிக்கை இருந்தா மட்டும் இனம். இல்லேன்னா "தெரியலை". ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளங்கள்கூட, சந்தேகம் இருந்தா பேரினத்தோடு நிறுத்திக்குது. படத்தைப் பிரிக்கும்போது நாளையும் இடத்தையும் வெச்சுப் பிரிங்க, ஒரே ஈ ரெண்டு பக்கமும் வரக் கூடாது. டெஸ்ட் செட்டில் நம்ம ஊர் ஈ இருக்கணும்.

போட்டோ ஒண்ணு போதாது. மேலிருந்து ஒண்ணு, பக்கவாட்டில் ஒண்ணு, முகத்துக்கு நேரா ஒண்ணு, இறக்கை நரம்பு தெரியுற மாதிரி ஒண்ணு. எதன் மேல உக்காந்திருந்துச்சு, மணி என்ன, எந்த இடம்னு எழுதுங்க. பிடிச்ச ஈயைச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வெச்சா அசையாம நிக்கும், அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ஆடு மாடு காயத்தில் புழு இருந்தா போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காதீங்க. ரெண்டு மூணு புழுவை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு, ஆட்டையும் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. அங்க நம்ம வேலை முடிஞ்சுது.

"தெரியலை"ன்னு அடிக்கடி சொல்லும் மாடலுக்கு ரிவ்யூவில் மார்க் குறையும்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னான். குறையலாம். அதை மாத்த வேண்டியது மார்க் போடுறவங்களும்தான். தப்பான பேருக்கு ஒரு மைனஸ் மார்க் இருந்தா, எல்லா டீமும் ஒரே செமஸ்டரில் அடக்கமாயிடும்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். பாயம்மா வாசலில் புதுசா ரெண்டு குட்டி. ஒரு ஈயைக் காட்டி, "இது என்ன ஈ, சொல்லு பாக்கலாம்"னு கேட்டாங்க, கிண்டலாத்தான். குனிஞ்சு பாத்தேன். "பச்சை ஈ வகை, பாயம்மா. அதுக்கு மேல கண்ணுல பாத்தோ போட்டோவுல பாத்தோ எனக்குத் தெரியாது."

"இதையே அன்னிக்கு சொல்லியிருக்கலாம்ல தம்பி?"ன்னாங்க.